கையில் கட்டியிருப்பது கடிகாரமா, வைத்தியரா?

விடியற்காலை நேரம். இருட்டு இன்னும் விலகவில்லை. தோட்டத்து ஆபிசுக்கு முன்னால் தொங்கும் தண்டவாளத் துண்டில் 'டங், டங்' என்று அடி விழுகிறது. லயத்து வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிகிறது. பெரட்டுக் களத்துக்கு ஆள் சேருகிறது. அந்த ஓசையைக் கேட்டு எழுந்து, அந்த ஓசைக்கே ஓடிய தலைமுறை நம் பெற்றோருடைய தலைமுறை. கடிகாரம் அன்று துரை கையிலும் கிராணி கையிலும் இருந்த பொருள். மற்றவர்களுக்குப் பெரட்டு மணிதான் கடிகாரம்.

என் தகப்பனார் பால்மரம் வெட்டி மிச்சம் பிடித்த காசில் ஒரு சீக்கோ கைக்கடிகாரம் வாங்கினார். அதற்குச் சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். கை அசைய அசைய உள்ளே இருக்கும் சிறு எடை ஆடி, வில்லைத் தானே முறுக்கிக்கொள்ளும். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டது அல்லவா? அன்று அந்த முள்ளைத் திருப்பி வைத்த கதையை அப்பா பல முறை சொல்லியிருக்கிறார். "மணிய மாத்திட்டாங்க. மரத்துக்கு யாரு போய்ச் சொல்றது? அது குளிர்ச்சி இருக்கிறப்பதானே பால் விடும்!" என்று சிரிப்பார்.

இன்று என் வகுப்பில் ஒரு மாணவன் கையைத் தூக்கிக் கேட்கிறான்: "டீச்சர், மணி என்ன?"

"உன் கையிலேயே கடிகாரம் இருக்கிறதே ஐயா?"

"செத்துப் போச்சு டீச்சர். ராத்திரி சார்ஜ் போட மறந்துட்டேன்."

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்புதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாடித் துடிப்பு, நடந்த அடிகள், உறங்கிய நேரம் என்று எத்தனையோ சொல்லும் கடிகாரத்தால் மணி சொல்ல முடியவில்லை!

ஸ்மார்ட் வாட்ச் என்று சொல்லப்படும் திறன் கடிகாரம் இப்போது தோட்டத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. தீபாவளிக்கு ஒன்று, பிறந்த நாளுக்கு ஒன்று என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் பெற்றோருக்கு வாங்கி அனுப்புகிறார்கள். அதன் பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது? அது காட்டும் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே காசை எடுக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு பாடம் படித்தோம். அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

வெளிச்சத்துக்கும் பேட்டரிக்கும் பழைய வழக்கு

1969 டிசம்பர் 25-ஆம் நாள் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை 4,50,000 யென். அன்று அந்தப் பணத்துக்கு ஒரு சிறிய காரே வாங்கலாம். அந்த வகைக் கடிகாரத்துக்குள் ஒரு படிகத் துண்டு இருக்கும். மின்சாரம் பட்டால் அது அதிரும். இன்று நாம் கட்டும் குவார்ட்ஸ் கடிகாரங்களில் அது ஒரு வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணித்தான் முள் நகர்கிறது. இதற்குத் தேவைப்படும் மின்சாரம் மிகச் சொற்பம். அதனால்தான் சட்டைப் பொத்தான் அளவுள்ள பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடுகிறது. தீர்ந்து போனால் சிரம்பான் கடைத்தெருவில் ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

1972-இல் அமெரிக்காவில் 'பல்சர்' என்ற கடிகாரம் வந்தது. முள் கிடையாது. சிவப்பு வெளிச்சத்தில் எண்கள் தெரியும். விலை 2,100 அமெரிக்க டாலர். இத்தனை விலை கொடுத்தவர் நேரம் பார்க்க என்ன செய்ய வேண்டும் தெரியுமா? பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்! அழுத்தினால் ஒரு கணம் எண்கள் மின்னும், பிறகு இருண்டுவிடும். எந்நேரமும் எரியவிட்டால் பேட்டரி தாங்காது.

ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இந்த வழக்கு தீரவில்லை. 2014-இல் சீனாவின் ஷாவ்மி நிறுவனம் 'மி பேண்ட்' என்ற கைப்பட்டையை வெளியிட்டது. அதில் திரையே இல்லை. மூன்று சிறு விளக்குகள் மட்டும். நடந்த அடிகளையும் உறங்கிய நேரத்தையும் கணக்கிட்டது. ஒரு முறை மின்னேற்றினால் 30 நாள் வரும் என்றார்கள். அடுத்த ஆண்டு, 2015 ஏப்ரலில், ஆப்பிள் கடிகாரம் வந்தது. வண்ணத் திரை, செய்திகள், நாடித் துடிப்பு எல்லாம் உண்டு. அதற்கு நிறுவனமே சொன்ன கணக்கு 18 மணி நேரம். ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்த இரண்டு பொருள்களில் ஒன்று ஒரு மாதம் ஓடியது. மற்றொன்று ஒரு பகல்தான் ஓடியது. வேலை கூடக் கூட, பேட்டரி சீக்கிரம் தீரும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

சின்னச் சம்பளம், பெரிய குடும்பம்

நம் கைப்பேசியின் பேட்டரி ஏறத்தாழ 5,000 மில்லி ஆம்பியர் மணி அளவு கொண்டது. கடிகாரத்துக்குள் இருப்பது பெரும்பாலும் 300 சொச்சம். அதாவது பதினாறில் ஒரு பங்கு. சின்னச் சம்பளத்தில் பெரிய குடும்பத்தை நடத்துவது போன்ற கதை. எந்த வாய் அதிகம் தின்கிறது என்று பார்த்துத்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

முதல் வாய் திரை. எந்நேரமும் எரியும் திரை பேட்டரியை மிக அதிகமாகக் குடிக்கும். 'எப்போதும் எரிக' என்ற அமைப்பை அணைத்து, வெளிச்சத்தையும் குறைத்து வைத்தாலே கணிசமாக மிச்சமாகும். மோட்டாரில் போகும்போது மணிக்கட்டு அசையும் போதெல்லாம் திரை எரியும். அதையும் அணைத்துவிடலாம்.

இரண்டாவது வாய் ஜி.பி.எஸ். வானத்துச் செயற்கைக்கோள்களைத் தேடி, நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வசதி இது. பல நாள் ஓடும் கடிகாரம்கூட, இதைத் தொடர்ந்து ஓடவிட்டால் மணிக்கணக்கில் தீர்ந்துவிடும். நடைப்பயிற்சிக்குப் போகும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நாடித் துடிப்பு. வினாடிக்கு வினாடி பார்க்கச் சொன்னால் செலவு அதிகம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போதும். நான்காவது, அறிவிப்புகள். வாட்சப் குழுவில் 'காலை வணக்கம்' என்று நாற்பது பேர் பூப்படம் அனுப்பினால் கடிகாரம் நாற்பது முறை அதிரும். நாற்பது முறை எரியும். வீட்டார் அழைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தலாம்.

பெட்டியில் '14 நாள்' என்று போட்டிருப்பது இந்த வாய்களையெல்லாம் கட்டி வைத்து எடுத்த கணக்கு என்பதை மறவாதீர்கள். எல்லா வசதிகளையும் திறந்துவிட்டால் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

ஆகவே அவரவர் வேலைக்குத் தக்கபடி தேர்ந்தெடுப்பதே புத்தி. விடியுமுன் எழுந்து மரம் வெட்டவும் குலை வெட்டவும் போகிறவர்களுக்கு வாரக்கணக்கில் ஓடும் சாதாரணக் கைப்பட்டையே மேல். பட்டணத்தில் தினமும் மேசைக்கு முன் அமர்கிறவர்கள் ஒரு நாள் ஓடும் கடிகாரத்தை வைத்துச் சமாளிக்கலாம். குளிக்கும் நேரத்திலும் இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் மின்னேற்றப் பழகிக்கொண்டால் போதும்.

வெயிலும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம்

இந்தக் கடிகாரங்களில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்த வகை. இதை உருவாக்கப் பாடுபட்ட மூன்று அறிஞர்களுக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சில நூறு முறை முழுதாக மின்னேற்றிய பிறகு இதன் சக்தி மெல்லக் குறையும், அது இயற்கை. ஆனால் வெப்பம் அதை விரைவில் கிழடாக்கிவிடும். மோட்டார் கூடையிலும், வெயிலில் நிற்கும் காரிலும் கடிகாரத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வியர்வையும் பாலும் ஒட்டிய கடிகாரத்தைத் துடைத்து உலர்த்திய பிறகே மின்னேற்றுங்கள். அதனுடன் வந்த மின்னேற்றியையே பயன்படுத்துங்கள்.

பின்பக்கம் உப்பியது போலத் தெரிந்தால் உடனே கழற்றி வைத்துவிட வேண்டும். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். நம் லயங்களில் குப்பையைக் கூட்டி எரிக்கும் பழக்கம் உண்டு. பழுதான கடிகாரத்தையோ கைப்பேசியையோ அந்த நெருப்பில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி வெடிக்கும். பக்கத்தில் நிற்பது உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

எதை நம்பலாம்?

கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். பச்சை வெளிச்சம் மின்னும். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் இரத்தம் பெருகும்போது திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடியைச் சொல்கிறது. அமர்ந்திருக்கும்போது நல்ல கடிகாரம் ஓரளவு சரியாகவே சொல்லும். ஆனால் கத்தி பிடித்து மரத்தைச் சுற்றி வரும் கையில், வார் தளர்ந்து, வியர்வை வழியும்போது எண் தடுமாறும்.

அடிகளை எண்ணுவது அசைவை வைத்து. குண்டும் குழியுமான செம்மண் பாதையில் மோட்டார் ஓட்டினாலும் சில கடிகாரங்கள் நடந்ததாகக் கணக்கு எழுதிவிடும். இரத்தத்தில் உயிர்வாயு அளவும் ஒளியை வைத்தே அளக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் கருவிகூட, கறுத்த தோலுள்ளவர்களிடம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டுவது உண்டு என்று 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2018-இல் வந்த ஆப்பிள் கடிகாரம் ஒன்று, கட்டியிருப்பவர் கீழே விழுந்தால் கண்டுகொண்டு உதவி கேட்கும் வசதியுடன் வந்தது. இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தைக் கண்டு எச்சரிக்கும் வசதிக்கு அமெரிக்க அரசின் அனுமதியும் பெற்றது. தனியாக வாழும் முதியவர்களுக்கு இது பெரிய துணை. ஆனால் உதவி கேட்க அலைவரிசை வேண்டுமே! பஹாவ் பக்கத்துச் செம்பனைக் காடாகட்டும், ரந்தாவ், லிங்கி பக்கத்து நிரைகளாகட்டும், கைப்பேசிக்கே ஒரு கோடு வராத இடத்தில் கடிகாரம் யாரைக் கூப்பிடும்? தனியாக வெளிக்காட்டுக்குப் போகிறவர் எந்த நிரைக்குப் போகிறார் என்பதை இன்னொருவரிடம் சொல்லிவிட்டுப் போகும் பழைய வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் 5.6

இனி எங்கள் வீட்டுப் பாடம்.

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இப்போது இனிப்புநீர்க்காரர். அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை. வீட்டில் வாரம் சில முறை விரலில் குத்திச் சீனி அளவு பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளிப்பார். "மரத்தைக் குத்தின பாவம், இப்ப என்னைக் குத்துது" என்பார்.

தம்பிக்கு அம்மா மேல் உயிர். இணையத்தில் ஒரு திறன் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறான். விலை 79 வெள்ளி. ஊசி குத்தாமலே சீனி, இரத்தக் கொதிப்பு, நாடி எல்லாம் காட்டும்; பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கும்; பேட்டரி 30 நாள் வரும் என்று எழுதியிருந்தது. வாங்கி அம்மா கையில் கட்டிவிட்டான்.

அம்மாவுக்கு ஆனந்தம். காலையில் பார்த்தால் 5.6. சாப்பிட்ட பிறகு 5.9. மறுநாள் 5.6. "சீனி இறங்கிப் போச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் காட்டினார். விரலில் குத்துவது நின்றது. பிறகு தேநீரில் சீனி திரும்ப வந்தது. எனக்குத் தெரியாமல் மாத்திரையும் பாதியானது. கிளினிக் தவணையையும், "எல்லாம் நல்லா இருக்குதே, எதுக்கு அலையணும்?" என்று தள்ளிவிட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மாலை நான் பள்ளி முடிந்து போனபோது அம்மா தலை சுற்றி, நா வறண்டு, பாயில் படுத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன்: 5.7. கிளினிக்குக் கொண்டு போனோம். மிஸ்ஸி விரலில் குத்திப் பார்த்தார்: 19.4. டாக்டர் அம்மாவின் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்களுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என்னைக் குத்துகிறது.

அம்மா தேறினார். அன்றிரவு அந்தக் கடிகாரத்தைக் கழற்றி, அடுப்படியில் கிடந்த ஒரு மரவள்ளிக் கிழங்கில் இறுக்கிக் கட்டினேன். சற்று நேரம் பச்சை வெளிச்சம் மின்னியது. கிழங்குக்கு நாடி 74. கிழங்குக்குச் சீனி 5.6!

தம்பி அழுதேவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் வாங்கியது பாசத்தில். ஆனால் நான் வாசித்திருக்க வேண்டும். எல்லா வேலையும் செய்கிறேன், ஓயாமல் அளக்கிறேன், பேட்டரியும் ஒரு மாதம் வரும் என்று ஒரு சின்னப் பொருள் சொன்னபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். உண்மையாக அளப்பதற்கு மின்சாரம் செலவாகும். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வதற்கு என்ன செலவு?

அதிகாரிகள் சொல்வது என்ன?

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தோலைத் துளைக்காமல் தானாகவே சீனி அளக்கும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி அளித்ததில்லை என்று அது சொன்னது. சிலருடைய கடிகாரத்தில் உண்மையான சீனி அளவு தெரிவது உண்டு. அவர்கள் கையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் மெல்லிய இழை செருகிய தனிக் கருவி ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அளப்பது அந்தக் கருவி. கடிகாரம் வெறும் அறிவிப்புப் பலகை.

இரத்தக் கொதிப்பும் அப்படித்தான். சாம்சுங் கடிகாரங்களில் இந்த வசதி உள்ளவற்றைக்கூட, 28 நாளுக்கு ஒரு முறை, புயத்தில் கட்டும் கருவியோடு ஒப்பிட்டுச் சரி செய்ய வேண்டும். ஹுவாவேயின் ஒரு வகைக் கடிகாரத்தில் வாரே காற்றால் உப்பி அளக்கிறது. வெறும் வெளிச்சத்தை மட்டும் காட்டி, எந்த ஒப்பீடும் கேட்காமல் கொதிப்பைச் சொல்லும் மலிவுக் கடிகாரத்தை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நமக்கு இது விளையாட்டான விஷயமில்லை. சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு ஆய்வின்படி நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவர்! பொய் எண் ஒன்று நம் லயத்துக்குள் நுழைந்தால் எத்தனை வீட்டைத் தொடும் என்று எண்ணிப் பாருங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சில கடிகாரங்களின் விலை அந்த ஒரு மாத உழைப்பைத் தொடுகிறது. நூறு வெள்ளிக்குள்ளும் கிடைக்கிறது. எதுவானாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நம் வீட்டுக் கைப்பேசியோடு சேருமா? உத்தரவாதம் எத்தனை மாதம், பழுது பார்க்கும் இடம் எங்கே? அதற்குரிய மின்னேற்றி தனியாகக் கிடைக்குமா? பேட்டரி கிழடானால் மாற்ற முடியுமா, அல்லது முழுக் கடிகாரத்தையும் எறிய வேண்டுமா?

நோயை அளப்பதாகச் சொன்னால் ஐந்தாவது கேள்வியும் உண்டு. 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் சட்டப்படி, இந்நாட்டில் விற்கப்படும் மருத்துவக் கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும். "இது பதிவு செய்யப்பட்டதா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பையை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் விதியே என்று இருந்துவிட வேண்டாம். இந்நாட்டு விற்பனையாளர் மீது மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கிறது; வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. இணையத்தில் வாங்கியதற்கும் வழி உண்டு. ஆகவே இரசீதையும், விளம்பரத்தின் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அந்தக் கடிகாரம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தூக்கி எறியத்தான் நினைத்தேன். அம்மா விடவில்லை. "79 வெள்ளிம்மா! புள்ள வாங்கிக் குடுத்தது" என்றார். சீனி, கொதிப்பு, நாடி, அறிவிப்பு எல்லாவற்றையும் அணைத்தோம். காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் அதிரும்படி மட்டும் வைத்துக் கொடுத்தேன்.

இப்போது அது அதிர்ந்ததும் அம்மா எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். விரலில் குத்திப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறார். பேட்டரியும் பெட்டியில் போட்டிருந்தபடி ஒரு மாதம் ஓடுகிறது.

"அந்தக் காலத்துப் பெரட்டு மணி மாதிரி இருக்குது" என்கிறார் அம்மா. அந்த மணி எங்களுக்குச் சீனி எவ்வளவு என்று சொன்னதில்லை. நேரத்தை மட்டும் சொன்னது, சரியாகச் சொன்னது.